ஓரத்தில் நிற்பவர்களின் முகம்

அன்புள்ள திருமண ஒளிப்படக்காரர்களுக்கு,

உங்கள் பையில் இருக்கும் வைடு லென்ஸைப் பற்றியும், அதில் எடுக்கும் குரூப் போட்டோவின் இரண்டு ஓரங்களில் விழும் முகங்களைப் பற்றியும் உங்களோடு பேச வேண்டும்.

என் அத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குள் சட்டம் போட்டு மாலை சாத்த ஒரு படம் வேண்டியிருந்தது. தனியாகப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. வீட்டிலிருந்த கல்யாண ஆல்பங்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கினோம். எல்லா ஆல்பத்திலும் அத்தை இருந்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில்தான் இருந்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். மணமேடையில் நடுவே போய் நிற்க அவருக்குக் கூச்சம், கையைப் பிடித்து இழுத்து நிறுத்த எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கண் மூடாமல், நிழல் விழாமல் இருந்த ஒரே படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுபோனேன். அவருடைய மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தான், இது எங்க அம்மா மாதிரியே இல்லையே" என்றாள். அத்தைக்கு ஒடுங்கிய, நீளமான முகம். படத்தில் இருந்தவருக்கோ கன்னம் பக்கவாட்டில் இழுபட்டு, காது வெளியே போய், முகம் அகன்று கிடந்தது.

படங்களைக் கணினியில் திருத்துவதுதான் என் தொழில். பார்த்தவுடனே காரணம் தெரிந்தது. அதை எடுத்தவர் மீது கோபம் வரவில்லை. மண்டபங்களில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மேடைக்கு எதிரே வீடியோக்காரரின் ஸ்டாண்டு, அதை ஒட்டி முதல் வரிசை நாற்காலிகள், நடுவே ஓடும் குழந்தைகள். பத்தடிக்கு மேல் பின்வாங்க முடியாது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16 மி.மீ. லென்ஸைப் போட்டுப் பத்தடியில் நின்றால் சுமார் 22 அடி அகலம் சட்டத்துக்குள் வந்துவிடும். அதே அகலத்தை 35 மி.மீ. லென்ஸில் அடக்க, கிட்டத்தட்ட 22 அடி தள்ளிப் போக வேண்டும். அங்கே பந்திக்குப் போகிறவர்கள் குறுக்கே நடந்துகொண்டிருப்பார்கள். அடுத்த குடும்பம் பரிசுப் பொட்டலத்தோடு படியேறி நிற்கிறது. வைடு லென்ஸைத் தவிர உங்களுக்கு வேறு வழி இல்லை.

ஆனால் அந்த லென்ஸில் இரண்டு கோளாறுகள் கலந்து வருகின்றன. இரண்டையும் ஒரே பெயரில் 'டிஸ்டார்ஷன்' என்று சொல்லிவிடுவதால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு இரண்டும் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

முதலாவது, நேர்கோடு வளைவது. மண்டபத் தூண் பீப்பாயின் பக்கம்போல வெளியே பிதுங்கும். இது கண்ணாடியில் வரும் பிழை. இதை அளந்து சொல்லும் சூத்திரங்கள் நூறாண்டுப் பழமையானவை; கான்ராடி என்பவர் 1919-இல் எழுதியதை டுவேன் பிரவுன் என்ற அமெரிக்கர் 1966-லும் 1971-லும் வளர்த்தெடுத்தார். பிரவுன் லென்ஸை அளந்த முறை நம் கொத்தனார்களுக்குப் பழக்கமானது. குண்டு கட்டிய நூல்களை வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் பிடித்தார். தொங்கும் நூல் நேராகத்தான் இருக்கும். படத்தில் வளைந்திருந்தால் அந்த வளைவு முழுவதும் லென்ஸினுடையது. உங்கள் மணமேடைப் பின்னணியில் செவ்வந்திச் சரங்கள் வரிசையாகத் தொங்குகின்றனவே, அவை பிரவுனின் நூல்களேதான். லென்ஸ் எவ்வளவு வளைக்கிறது என்பதை ஒவ்வொரு முகூர்த்தத்திலும் அந்தச் சரங்கள் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பிழைக்கு மருந்து எளிது. லைட்ரூமில் லென்ஸ் புரொஃபைல் பெட்டியில் ஒரு டிக். பல கேமராக்கள் ஜேபெக் படத்தில் தாமாகவே செய்துவிடும்.

அத்தையின் முகத்தை இழுத்தது இரண்டாவது கோளாறு. அதில் லென்ஸின் தவறு ஒன்றுமே இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைச் செய்யும். நேர்கோடுகளைச் சுத்தமாக நேராக வைத்திருக்கும் லென்ஸ்தான் அதை முழுமையாகச் செய்யும்.

டார்ச் விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் வட்டமாக விழுகிறது. சாய்த்துப் பிடித்தால் நீள்வட்டமாக இழுபடுகிறது. தலை என்பது ஏறத்தாழ ஓர் உருண்டை. அதிலிருந்து லென்ஸுக்குள் வரும் ஒளியும் டார்ச்சின் ஒளியைப் போலக் கூம்புதான். நடுவில் நிற்பவரின் கூம்பு சென்சாரின் மேல் நேராக விழுகிறது. ஓரத்தில் நிற்பவருடையது சாய்ந்து விழுகிறது. சாயச் சாய முகம் வெளிப்புறமாக நீளும். எவ்வளவு நீளும் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். சட்டத்தின் பக்கவாட்டு விளிம்பில், உயரத்தைவிட அகலம் 50 மி.மீ. லென்ஸில் 6 சதவீதம் கூடும், யாருக்கும் தெரியாது. 35-இல் 12. 24-இல் சரியாக 25. 16-க்கு வந்தால் 50 சதவீதம். ஒன்றரை மடங்கு அகன்ற முகம்!

இதில் என் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. தட்டையான பொருளுக்கு இந்த இழுப்பு இல்லை. மேடையின் ஓரத்தில் மணமக்கள் படம் போட்ட பிளெக்ஸ் பேனர் கேமராவைப் பார்த்து நிற்கிறது என்று வையுங்கள். பேனரில் இருக்கும் முகம் கொஞ்சமும் மாறாது. அதன் பக்கத்தில் நிற்கும் உயிருள்ள மனிதரின் முகம் மட்டும் இழுபடும். படத்தைப் பார்ப்பவர் பேனரைப் பார்த்து லென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, அந்த மனிதர் அப்படித்தான் இருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஓவியர்களுக்கு இது பழைய சேதி. ரஃபேல் 1509-க்கும் 1511-க்கும் இடையில் வத்திக்கானில் தீட்டிய 'ஏதென்ஸ் கலாசாலை' ஓவியத்தில் கட்டடம் முழுவதும் கண்டிப்பான பெர்ஸ்பெக்டிவ் (தொலைவுத் தோற்ற) விதிப்படி இருக்கிறது. வலது ஓரத்தில் இருவர் கையில் ஆளுக்கொரு கோளம் இருக்கிறது. அதே விதிப்படி பார்த்தால் அவை நீள்வட்டமாக இருக்க வேண்டும். ரஃபேல் அவற்றை வட்டமாகவே வரைந்தார். பக்கத்தில் நிற்கும் மனிதர்களையும் இழுக்கவில்லை. கட்டடத்துக்கு ஒரு விதி, உருண்டைக்கும் மனிதருக்கும் வேறு விதி என்று ஒரே சுவரில் இரண்டையும் வைத்தார். இன்று, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் நரம்பியல் வலைகளைக் கொண்டு நாங்கள் செய்ய முயல்வதும் இதைத்தான்.

ஏன் இரண்டு விதி வேண்டும் என்றால், ஒரே விதியால் முடியாது. உருண்டையான பார்வையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது எல்லா நேர்கோடுகளையும் நேராகவும் எல்லா முகங்களையும் இயல்பாகவும் வைத்திருக்கும் முறை எதுவும் கிடையாது. ஜோரின், பார் என்ற இருவர் 1995-இல் இதைக் கணித வடிவில் எழுதிவைத்தார்கள். தலைகளைக் காப்பாற்றும் விரிப்புமுறை உண்டு, ஆனால் அதில் தூண்கள் வளையும். இதனால்தான் லைட்ரூமில் நீங்கள் போடும் அந்த டிக் இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. வளைந்த தூணை நிமிர்த்த மூலைகளை வெளியே தள்ளுகிறது. கூடவே ஓரத்தில் நிற்பவரின் கன்னத்தையும் தள்ளுகிறது. அலங்காரம் நேரானது, ஆள் கோணலானார்.

கணினிக்காரர்கள் இதை ஒரே நாளில் தீர்த்துவிடவில்லை. 2009-இல் கரோல், அக்ரவாலா, அகர்வாலா ஆகியோர் கொண்டுவந்த முறையில், எந்தக் கோடு நேராக இருக்க வேண்டும் என்று மனிதர் படத்தின் மீது வரைந்து காட்ட வேண்டும். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள் வரைந்து காட்டும் வேலையை எடுத்துவிட்டார்கள். படத்தில் மனிதர் எங்கே, முகம் எங்கே என்பதை நரம்பியல் வலை கண்டுபிடிக்கும். அதன் பிறகு படத்தின் மேல் மீன்வலைபோல ஒரு கட்டத்தை விரித்து, முகம் இருக்கும் கண்ணிகளை மட்டும் தலையைக் காப்பாற்றும் முறைப்படி இழுத்து, பின்னணிக் கண்ணிகளை அப்படியே விட்டு, இரண்டுக்கும் நடுவே கிழிசல் தெரியாமல் இழைத்துவிடுவார்கள். கைபேசியிலேயே ஓடும் அளவுக்கு வேகமான முறை அது. கவனியுங்கள், வலை இங்கே ஆளைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு திருத்துவது என்பதை நிர்ணயிப்பது கோணக் கணக்கு. அந்த வேலைப்பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது.

2021-இல் வந்த இன்னொரு ஆய்வு, கணக்கையும் வலையிடமே கொடுத்தது. லென்ஸ் விவரம் எதுவும் தர வேண்டாம், படத்தை மட்டும் கொடுத்தால் போதும். வலையின் முதல் பகுதி கோடுகளை நிமிர்த்தும், அடுத்த பகுதி முகங்களைச் சரிசெய்யும். வலை புதிதாக எதையும் வரைவதில்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று ஒரு வரைபடம் தருகிறது. அந்த வரைபடப்படி படத்தை நகர்த்துகிறோம்.

இப்படிப்பட்ட வலைக்கு நாம் சூத்திரம் சொல்லிக்கொடுப்பதில்லை. கோணலான படம், சரியான படம் என்று ஜோடி ஜோடியாக ஆயிரக்கணக்கில் காட்டுகிறோம். தூண் வளைவைத் திருத்தும் வலைகளுக்கு ஜோடி தயாரிப்பது சுலபம். நேரான படத்தை எடுத்து, தெரிந்த அளவுக்கு நாமே வளைத்து, எவ்வளவு வளைத்தோம் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். 2016 முதலே அப்படிப் பயிற்றுவிக்கிறார்கள். முகத்துக்கு அந்த வசதி இல்லை. ஓரத்தில் நின்றவரின் 'சரியான' படம் உலகத்தில் எங்குமே எடுக்கப்படவில்லையே. அதனால் அந்த 2021 ஆய்வில், 5,000-க்கும் மேற்பட்ட படங்களை மென்பொருளால் திருத்தி, மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சரிசெய்து ஜோடிகளை உருவாக்கினார்கள். சரியான முகம் எது என்பதை அங்கே மனிதக் கண்தான் தீர்மானித்தது. வலை கற்றுக்கொண்டது அந்தக் கண்ணின் தீர்ப்பை.

அத்தையின் படத்துக்கு வருகிறேன். எடுத்த ஸ்டூடியோவில் மூலக் கோப்பு இல்லை, இடம் போதாமல் அழித்துவிட்டார்கள். ஆனால் எடுத்தவருக்கு லென்ஸ் நினைவிருந்தது. அன்று 16 மி.மீ.-இல்தான் எடுத்ததாகச் சொன்னார். என்னிடம் இருந்தது 12-க்கு 8 அச்சு. சென்சாரின் அதே விகிதம், ஓரம் வெட்டப்படாத படம். நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தை ஒன்பது பங்காக்கினால் எட்டாவது பங்கில் அத்தை நின்றிருந்தார். கணக்குப் போட்டால் சரியாக 45 பாகை. முகத்தின் அகலம் 41 சதவீதம் கூடியிருந்தது.

மூன்று வழிகளில் திருத்திப் பார்த்தேன். வெறும் கணக்குப்படி அந்தப் பகுதியின் அகலத்தைக் குறைத்தேன். முகம் திரும்ப வந்துவிட்டது, பக்கத்தில் நின்றவரின் தோள் மட்டும் ஒடுங்கியது. அடுத்து நரம்பியல் வலைக்குக் கொடுத்தேன். அது தோளையும் பார்த்துக்கொண்டு முகத்தைச் சரிசெய்தது. ஆனால் அத்தைக்குப் பின்னால் தொங்கிய செவ்வந்திச் சரம் அவர் தலையைச் சுற்றி லேசாக வளைந்துபோனது. மூன்றாவதாக, பழைய படங்களின் முகத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லும் ஒரு மென்பொருளில் போட்டேன். அது முகத்தை நகர்த்தவில்லை, புதிதாக வரைந்தது. பளிச்சென்று ஒரு முகம் வந்தது. இடது தாடையில் சிறுவயதில் பட்ட நெருப்புத் தழும்பு போயிருந்தது. நெற்றியில் விபூதிக் கீற்று பாதியில் நின்றது. கண்கள் யாருடையவோ.

சட்டம் போட்டது இரண்டாவது படத்தை, சரம் வளைந்ததை. அதைப் பார்த்து அவருடைய மகள் ஒன்றும் சொல்லவில்லை. கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நண்பர்களே, நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது இந்த மூன்றாவது வழியை முகங்களின் மேல் பிரயோகிக்காதீர்கள் என்பதுதான். லென்ஸ் செய்ததைத் திரும்பப் பெறுவது திருத்தம். அதற்குமேல் ஒரு சதவீதம் போனாலும் பெற்றவள் கொடுத்த முகத்தில் கைவைக்கிறோம். பிறவியிலேயே அகன்ற முகம் உள்ளவர் ஓரத்தில் நின்றால், கோணக் கணக்கு அவரை அவராகவே விட்டுவைக்கும். முகத்தைப் பார்த்து ஊகிக்கும் வலைக்கு அந்த உறுதி கிடையாது. பயிற்சிப் படங்களில் எப்படிப்பட்ட முகங்கள் இருந்தனவோ அவைதான் அதற்கு இயல்பு. ஆகவே வலையை உபயோகியுங்கள், ஆனால் மேலே சொன்ன எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உபயோகியுங்கள். 25 சதவீதம் அகன்றது பழையபடி ஆக 20 சதவீதம் ஒடுங்கினால் போதும். 24-இல் எடுத்த படத்தின் விளிம்பில் அதற்கு மேல் ஒரு முகம் ஒடுங்கினால் அது மிகைத்திருத்தம், பின்வாங்குங்கள்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. டிஎக்ஸ்ஓ வியூபாயின்ட்டில் இந்த இழுப்புக்கென்றே தனி வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. போட்டோஷாப்பில் 2012 முதல் அடாப்டிவ் வைடு ஆங்கிள் ஃபில்டர் உண்டு. வரிசை மட்டும் முக்கியம். முதலில் லென்ஸ் புரொஃபைல், பிறகு முகத்திருத்தம், கடைசியில் வெட்டுவது. ஆல்பம் டிசைனருக்கு அனுப்பும்போதே வெட்டி அனுப்பினால் படத்தின் நடுப்புள்ளி இடம் மாறிவிடும். எல்லாக் கணக்கும் நடுப்புள்ளியிலிருந்து தொடங்குவதால் அதன் பிறகு செய்வதெல்லாம் தப்பாகிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எந்த லென்ஸ், எத்தனை மி.மீ. என்ற குறிப்பே போய்விடும். குரூப் போட்டோவின் மூலக் கோப்புகளையாவது அழிக்காமல் வைத்திருங்கள். ஒரு கல்யாணத்துக்கு முப்பது நாற்பது படம், அவ்வளவுதான். அவற்றில் ஏதாவது ஒன்று என்றைக்காவது ஒரு நாள் யாரோ ஒருவரின் கடைசிப் படமாகத் தேடப்படும்.

நிற்கவைப்பதிலும் ஒன்று. வரிசையைக் கேமராவைச் சுற்றிப் பிறைபோல வளைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கேமரா சுழன்று நீளப் படம் எடுத்த பழைய முறைக்கு அது பொருத்தம். வைடு லென்ஸுக்கு அது கெடுதல். ஓரத்தில் இருப்பவர் கேமராவின் தளத்துக்கு நெருங்கிவிடுவதால் அகலத்தோடு உருவமும் பெரிதாகிறது. நேர்வரிசையே மேல். நம்பிக்கை வரவில்லை என்றால் நாளைக்கே ஸ்டூடியோவில் ஒரு ரப்பர் பந்தை 16 மி.மீ.-இல் நடுவில் ஒரு முறையும் ஓரத்தில் ஒரு முறையும் எடுத்து, அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். ரஃபேல் ஏன் கோளத்தை வட்டமாக வரைந்தார் என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, எந்த மென்பொருளும் தேவைப்படாத ஒரு காரியம். ஓரத்தில் நிற்பவர்கள் யார் என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. கணவர் இல்லாத பெரியம்மா, கல்யாணம் ஆகாத சித்தி, வசதி குறைந்த மாமா வீட்டார், கூப்பிட்டால் மட்டும் மேடைக்கு வருகிறவர்கள். மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமையை அந்த அரை நிமிடத்துக்கு எல்லாரும் உங்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். சம்பந்தி சொன்னால் வரும் சண்டை, நீங்கள் சொன்னால் வராது. குரூப்பை ஒரு முறை எடுத்துவிடுங்கள். பிறகு கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, அந்த ஓரத்தைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் நடுவுல வாங்க, இன்னொண்ணு எடுத்துக்குறேன்" என்று கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஓரத்தில் நின்ற ஒருவரின் மருமகன்